எட்டு கார்டுகளும் காலி நாற்காலிகளும்: மேஜிக் ஸ்டாண்டர்ட் தடைகள், 2004–2005

2005 மார்ச் 1 அன்று விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் ஸ்டாண்டர்ட் போட்டிகளிலிருந்து எட்டு கார்டுகளை ஒரே அறிவிப்பில் விலக்கியது. மார்ச் 20 முதல் அமல். எட்டில் ஆறு வெறும் நிலக் கார்டுகள். அந்த ஆறிலும் ஒன்றான ட்ரீ ஆஃப் டேல்ஸ், யாரைக் கட்டுப்படுத்த இந்தத் தடை வந்ததோ அவர்களுடைய டெக்குகளில், அதாவது கார்டுக் கட்டுகளில், பெரும்பாலும் இடம்பெறாதது. இன்னும் ஏழு மாதம் பொறுத்திருந்தால், அக்டோபரில் ராவ்னிகா தொகுப்பு வந்ததும் எட்டும் ஸ்டாண்டர்டிலிருந்து தாமாகவே வெளியேறியிருக்கும். அந்த ஏழு மாதம்கூடப் பொறுக்க முடியாத நிலை ஏன் வந்தது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

இந்தத் தடை குறிவைத்த டெக்கின் பெயர் அஃபினிட்டி. அது வெல்ல முடியாத டெக் அல்ல. உலகக் கோப்பை மேசையிலேயே அது தோற்றிருக்கிறது. அப்படியும் அது தடைசெய்யப்பட்டது, தடை சரியானதும்கூட. இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்று புரிந்தால், கார்டு தடை என்ற விஷயத்தின் முக்கால் பங்கு புரிந்த மாதிரி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரம்மியில் எல்லோரும் ஒரே கட்டிலிருந்து சீட்டெடுக்கிறோம். மேஜிக்கில் அவரவர் டெக்கை அவரவரே வீட்டில் அமைத்துக் கொண்டுவருகிறார்கள். குறைந்தது 60 கார்டு. அடிப்படை நிலங்கள் தவிர ஒரே கார்டு 4 பிரதிக்கு மேல் கூடாது. இருவருக்கும் 20 உயிர்ப் புள்ளி. சுற்றுக்கு ஒரு கார்டு எடுக்கலாம், ஒரு நிலம் போடலாம். நிலம் தருவது மனா. மனாதான் மற்ற கார்டுகளை இறக்கும் காசு. ஸ்டாண்டர்ட் என்பது கடந்த சில ஆண்டுகளில் வெளியான தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி வகை. புதிதாக வருபவர் பழைய, விலையேறிய கார்டுகளைத் தேடி அலையவேண்டியதில்லை என்பதால் அன்று கடைகளில் வாராவாரம் நடந்தது பெரும்பாலும் இதுதான். அதனால் ஸ்டாண்டர்டில் தலைவலி வந்தால் அதை முதலில் உணர்ந்தவர் கடைக்காரர்.

மிரோடின்

2003 அக்டோபரில் மிரோடின் தொகுப்பு வந்தது. கதைப்படி அது உலோகத்தால் ஆன உலகம். ஆகவே ஆர்ட்டிஃபாக்ட் எனப்படும் பொருள்-கார்டுகளே அதன் மையம். அஃபினிட்டி என்பது அதில் வந்த ஒரு புதிய விதி: உன் பக்கம் எத்தனை ஆர்ட்டிஃபாக்ட் இருக்கிறதோ, இந்தக் கார்டின் விலையில் அத்தனை மனா தள்ளுபடி. 4 மனா போட்டிருக்கும் ஃப்ராக்மைட், மேசையில் நான்கு ஆர்ட்டிஃபாக்ட் இருந்தால் இலவசம். 7 மனா போட்டிருக்கும் மிர் என்ஃபோர்சர், ஏழு இருந்தால் இலவசம்.

இதைக்கூடத் தாங்கியிருக்கலாம். ஆனால் அதே தொகுப்பில் ஆர்ட்டிஃபாக்ட் நிலங்களும் வந்தன. ஏன்ஷியன்ட் டென், கிரேட் ஃபர்னஸ், சீட் ஆஃப் தி சினாட், ட்ரீ ஆஃப் டேல்ஸ், வால்ட் ஆஃப் விஸ்பர்ஸ் என்று நிறத்துக்கு ஒன்றாக ஐந்து. அடுத்த தொகுப்பில் ஆறாவதாக, அழிக்கவே முடியாத டார்க்ஸ்டீல் சிட்டடல். இந்த நிலங்கள் மனாவும் தரும். தாமே ஆர்ட்டிஃபாக்ட் என்பதால் தள்ளுபடிக் கணக்கிலும் சேரும். எப்படியும் போடவேண்டிய நிலத்தைப் போட்டதற்கே இரட்டைக் கூலி. இரண்டாம் சுற்றில் இப்படி இரண்டு நிலம் இருந்தாலே ஃப்ராக்மைட்டின் விலை பாதியாகிவிடும். அது இறங்கியதும் அதுவும் ஓர் ஆர்ட்டிஃபாக்ட். அடுத்தது இன்னும் மலிவு.

மேஜிக்கின் வரலாற்றில் தடையான கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே நோய் தெரியும்: விலை என்று அச்சடித்திருப்பது உண்மையில் விலையாக இல்லை. பெரிய கார்டுக்குப் பெரிய விலை இருந்தால் யாரும் அழுவதில்லை.

ஸ்கல்கிளாம்ப்

2004 பிப்ரவரியில் இரண்டாம் தொகுப்பான டார்க்ஸ்டீல் வெளியானது. அதில் ஸ்கல்கிளாம்ப் என்றொரு கருவிக் கார்டு. அரிய கார்டுகூட அல்ல, நடுத்தர வகை. இறக்க 1 மனா, ஒரு கிரீச்சரின் மீது, அதாவது தாக்கவும் தடுக்கவும் இறக்கும் உயிரினக் கார்டின் மீது, மாட்ட 1 மனா. மாட்டப்பட்ட கிரீச்சருக்குத் தாக்கு பலம் 1 கூடும், தாங்கு பலம் 1 குறையும். அது செத்தால் நீ இரண்டு கார்டு எடுக்கலாம்.

தாங்கு பலம் குறைவது ஒரு குறை போலத் தெரிகிறதல்லவா? தாங்கு பலம் 1 மட்டுமே உள்ள சின்னக் கிரீச்சரின் மீது மாட்டினால் அது அந்த நொடியே பூஜ்யமாகிச் சாகும். சாவதால் உனக்கு இரண்டு கார்டு. அதாவது 1 மனாவுக்கு இரண்டு புதிய கார்டு, திரும்பத் திரும்ப, கையில் பொடிக் கிரீச்சர்கள் இருக்கும்வரை. சுற்றுக்கு ஒரு கார்டு என்பதே அளவுகோலான ஆட்டத்தில் இது என்ன அர்த்தம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

விசார்ட்ஸின் உருவாக்கக் குழுவிலிருந்த ஆரன் ஃபோர்சைத், தடை வந்த பிறகு இதன் பிறப்புக் கதையை வெளிப்படையாக எழுதினார். முதலில் இது தாங்கு பலத்தைக் கூட்டும் கார்டாகத்தான் இருந்தது. என் கிரீச்சரைக் கொன்றால் எனக்குக் கார்டு கிடைக்கும், பார்த்துக்கொள் என்று எதிராளியைத் தயங்கவைக்கும் காப்புக் கருவி. யாருக்கும் அதில் பெரிய ஆர்வமில்லை. உருவாக்கத்தின் பிற்பகுதியில் கூட்டல் கழித்தலாக மாறியது. அதன் சாதாரணப் பழைய வடிவமே எல்லோர் மனத்திலும் பதிந்திருந்ததால், மாறிய வடிவத்தை யாரும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கவில்லை. பல மாதம் சோதித்து இறக்கிய தொகுப்பில், சோதிக்கப்படாமல் போனது ஒரே ஒரு கழித்தல் குறி.

நான்கு மாதத்தில் முடிவு தெரிந்துவிட்டது. வெற்றிபெறும் டெக் எதுவானாலும் அதில் நான்கு ஸ்கல்கிளாம்ப் இருந்தது, அல்லது ஸ்கல்கிளாம்பைச் சமாளிப்பதற்கென்றே அந்த டெக் கட்டப்பட்டிருந்தது என்ற பொருளில் ஃபோர்சைத் எழுதினார். 2004 ஜூன் 1 அன்று தடை அறிவிக்கப்பட்டு ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 1999க்குப் பிறகு ஸ்டாண்டர்டில் விழுந்த முதல் தடை அது. அந்த ஐந்தாண்டு அமைதியில், இனி நமக்குத் தடையே தேவைப்படாது என்ற நம்பிக்கை நிறுவனத்துக்கும் ஆடுபவர்களுக்கும் வந்திருந்தது.

தடைக்குப் பின்

பலர் ஸ்கல்கிளாம்ப் தடையை ஒரு கதையாகவும், அஃபினிட்டி தடையை வேறொரு கதையாகவும் சொல்வார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே கதை. முதல் தடை இரண்டாவதைக் கொஞ்சம் வளர்த்தும்விட்டது.

ஸ்கல்கிளாம்பை அஃபினிட்டி மட்டும் ஆடவில்லை. பொடிக் கிரீச்சர்கள் நிறைந்த காப்லின் டெக்குகளும் எல்ஃப் டெக்குகளும் அதைத்தான் நம்பியிருந்தன. அதாவது அஃபினிட்டிக்கு எதிரே நின்ற போட்டியாளர்களின் கையிலும் அதே ஆயுதம்தான் இருந்தது. தடை எல்லோருடைய கையிலிருந்தும் அதைப் பிடுங்கியது. ஆனால் அதே ஜூன் மாதம் ஃபிஃப்த் டான் தொகுப்பு வந்து, அஃபினிட்டிக்கு மட்டும் கிரேனியல் பிளேட்டிங்கைக் கொடுத்தது. உன் பக்கம் உள்ள ஒவ்வோர் ஆர்ட்டிஃபாக்டுக்கும் தாக்கு பலம் 1 கூட்டும் கருவி அது. நிலம்கூட ஆர்ட்டிஃபாக்டாக இருக்கும் டெக்கில் இதைப் போட்டால் எங்கே போய் நிற்கும்? காப்லினுக்கு அப்படி ஒரு மாற்று கிடைக்கவில்லை.

அஃபினிட்டியின் உள்ளே இன்னும் இரண்டு கார்டுகள் இருந்தன. ஆறு நிலங்களோடு பின்னர் தடையான மீதி இரண்டும் இவையே. ஆர்க்பவுண்ட் ராவேஜர், 2 மனா: உன் ஆர்ட்டிஃபாக்ட் ஒன்றை நீயே பலிகொடுத்தால் இதன் பலம் 1 கூடும், எத்தனை முறை வேண்டுமானாலும், காசில்லாமல். டிசைப்பிள் ஆஃப் தி வால்ட், 1 மனா, மிகச் சாதாரண வகை: எந்த ஆர்ட்டிஃபாக்ட் கல்லறைக்குப் போனாலும் எதிராளிக்கு 1 உயிர் நஷ்டம். இவை இரண்டும் மேசையில் இருக்கும்போது எதிராளியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தாக்கவருவதைத் தடுத்தால், தடுக்கப்பட்டதைப் பலிகொடுத்துவிடுவான். 1 உயிர் போகும். ஆர்ட்டிஃபாக்டை உடைக்கும் மந்திரம் போட்டால், உடைவதற்கு முன்பே அவனே பலிகொடுத்துவிடுவான்; அப்போதும் 1 உயிர் போகும். ராவேஜரையே கொன்றால், அது தன் கூட்டுப் பலத்தை வேறோர் ஆர்ட்டிஃபாக்ட் கிரீச்சருக்கு மாற்றிவிட்டுத்தான் சாகும். நல்ல பதில் கையில் இருந்தும், பதில் சொன்னதற்கே அடி விழுந்தது.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், இருந்தது. ஒரு பச்சை மனாவுக்கு ஆர்ட்டிஃபாக்டை உடைக்கும் ஆக்ஸிடைஸ் டார்க்ஸ்டீலிலேயே வந்துவிட்டது. விரிடியன் ஷாமன் இருந்தது. 2004 பிப்ரவரியில் கோபேயில், மிரோடின் குடும்பக் கார்டுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட ப்ரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியில், ஸ்கல்கிளாம்ப் உயிரோடு இருந்த அந்தக் காலத்திலேயே, மசாஷிரோ குரோடா சிவப்பு டெக்கோடு வந்து பட்டம் வென்றார். ப்ரோ டூர் வென்ற முதல் ஜப்பானியர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உலகக் கோப்பை. இறுதியாட்டம் ஸ்டாண்டர்ட். அஃபினிட்டியோடு உட்கார்ந்தவர் ஏயோ பக்கெட். எதிரே நெதர்லாந்தின் 15 வயது ஜூலியன் நைட்டன், வெள்ளை-பச்சை டெக்கோடு. ஜெயித்தது பையன்.

கோப்பைகளை மட்டும் பார்த்தால் தடைக்குக் காரணமே தெரியாது. ஆராய்ச்சி மனம் கொண்டவர்கள், தயாராகி வந்தால் வெல்லலாமே என்று இன்றுவரை வாதிடுவது இதனால்தான். வாதம் பிழையல்ல, பார்க்கும் இடம்தான் பிழை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு வாரக்கணக்கில் பயிற்சிக் குழு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கடைக்கு வருபவருக்கு இருப்பது தனக்குப் பிடித்த ஒரு டெக். பொதுவாக, எதிரிக்கேற்ப மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் 15 கார்டு சைடுபோர்டில்தான் ஆர்ட்டிஃபாக்ட் உடைப்பான்கள் கிடக்கும். இப்போது அவற்றை முதல் ஆட்டத்திலிருந்தே முக்கிய டெக்கில் வைக்கவேண்டிய கட்டாயம். வைத்தால் தன் டெக் தன் டெக்காக இருக்காது. வைக்காவிட்டால் நான்காவது, ஐந்தாவது சுற்றில் தோல்வி. ஆக மிச்சமிருந்த வழிகள் மூன்று: அஃபினிட்டி ஆடு, அஃபினிட்டியை வெறுப்பதற்கென்றே ஒரு டெக் ஆடு, அல்லது வீட்டிலேயே இரு. மூன்றாவதைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். 2005 தடையை விளக்கும்போது விசார்ட்ஸ் பேசியதும் இதைத்தான்: ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்காமல் போவது, போட்டிக்கு வரும் கூட்டம் குறைவது.

எட்டு கார்டு ஏன் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ராவேஜரை மட்டும் எடுத்தால், முந்தைய ஜூனில் நடந்ததே மறுபடி நடக்கும். காலியான இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். நிலங்களை எடுத்தால் தள்ளுபடியின் வேரே அறுந்துவிடும். நிலங்களில் ஒன்றிரண்டை விட்டுவைத்தால் யாராவது அவற்றை வைத்து மறுபடி கட்டிவிடலாம் என்பதால் ட்ரீ ஆஃப் டேல்ஸும் சேர்ந்து போனது. கிரேனியல் பிளேட்டிங்கை விட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்க்க ஆர்ட்டிஃபாக்ட் இல்லாத டெக்கில் அது வெறும் இரும்பு.

தடை சரி, ஆனால் பிந்தியது என்பது என் தீர்ப்பு. 2004 ஜூனிலேயே நிலங்களைத் தொட்டிருந்தால் எட்டுக்குப் பதில் இரண்டு மூன்றோடு முடிந்திருக்கும். அந்த ஒன்பது மாதத்தில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? நிறுவனத்தின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. காசு கொடுத்து வாங்கிய கார்டை நாளையிலிருந்து ஆடக்கூடாது என்று சொல்வது வியாபாரத்தில் சின்ன விஷயமல்ல. 2011இல் ஜேஸ், தி மைண்ட் ஸ்கல்ப்டரையும் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்கையும் ஸ்டாண்டர்டில் தடைசெய்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. விசார்ட்ஸே கட்டி, பெட்டியில் போட்டு, போட்டிக்குத் தயார் என்று விற்றுக்கொண்டிருந்த வார் ஆஃப் அட்ரிஷன் டெக்கில் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் இரண்டு பிரதி இருந்தது. கடைசியில், அந்த டெக்கை ஒரு கார்டும் மாற்றாமல் அப்படியே ஆடினால் மட்டும் செல்லும் என்று விதிவிலக்கு கொடுத்தார்கள்.

வேறு காரணங்கள்

எல்லாத் தடையும் பலத்தால் வருவதில்லை. பந்தயம் வைத்து ஆடும் 1990களின் கார்டுகள் போட்டிகளில் கிடையாது. மேசைக்கு மேலிருந்து கார்டை எறிந்து, எதன்மேல் விழுகிறதோ அதை அழிக்கும் கேயாஸ் ஆர்ப் கிடையாது. நடு ஆட்டத்தில் இன்னோர் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லும் ஷாராசாத்தும் கிடையாது. 50 நிமிடத்தில் முடியவேண்டிய போட்டியில் அதற்கு இடம் ஏது? சென்சேய்ஸ் டிவைனிங் டாப் 2017இல், பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் லெகசி என்ற போட்டி வகையிலிருந்து போனதற்கு, சுற்றுதோறும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரம் தின்றதும் ஒரு காரணம். போகிமான் கார்டு ஆட்டம் 2015இல் லைசாண்டர்ஸ் ட்ரம்ப் கார்டைத் தடைசெய்தது. கழித்த கார்டுகளையெல்லாம் திரும்ப டெக்கில் சேர்த்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் எப்போது முடிவது? 2020 ஜூனில் மேஜிக் ஏழு பழைய கார்டுகளை இனவாதச் சித்திரிப்புக்காக எல்லாப் போட்டிகளிலிருந்தும் நீக்கியது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வேறு நியாயம்.

இரண்டு நாளில் மனம் மாறிய கதையும் உண்டு. இந்தியச் சாயலில் அமைத்த கலாதேஷ் உலகத்தின் கதாபாத்திரம் சஹீலி ராய். அவள் ஒரு கிரீச்சரை நகலெடுப்பாள். அடுத்த தொகுப்பின் ஃபெலிடார் கார்டியன் என்ற பூனை, வந்ததும் ஒரு கார்டை நொடிநேரம் வெளியேற்றித் திரும்பக் கொண்டுவரும். பூனை சஹீலியைப் புதுப்பிக்கும், சஹீலி பூனையை நகலெடுப்பாள்; நான்காம் சுற்றில் முடிவேயில்லாத பூனைப்படை. வடிவமைப்பாளர்கள் இந்தச் சேர்க்கையைக் கவனிக்கவே இல்லை. 2017 ஏப்ரல் 24இல் ஸ்டாண்டர்டில் தடை இல்லை என்று அறிவிப்பு வந்தது. புதிய தொகுப்போடு இணையத்தில் நடந்த ஆட்டங்களிலும் பூனையே ஆள்வதைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் 26இல் தடை என்று மறு அறிவிப்பு. தாமதத்தைவிட இந்தத் தடுமாற்றமே மேல்.

இருபது ஆண்டு கழித்து, நாடூ

ஸ்கல்கிளாம்பின் கதை பாடமாகவே சொல்லப்பட்டு வந்தது. அப்படியும் 2024இல் அச்சுப்பிசகாமல் திரும்ப நடந்தது. ஜூன் 14 அன்று வெளியான மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 தொகுப்பில் நாடூ, விங்ட் விஸ்டம் என்ற பறவை. 3 மனா. உன் கிரீச்சர் ஒவ்வொன்றும், ஏதாவது மந்திரமோ திறனோ அதைக் குறிவைத்தால், டெக்கின் மேல் கார்டைத் திறந்து காட்டும். நிலமானால் மேசைக்கு, இல்லாவிட்டால் கைக்கு. ஒரு சுற்றில் ஒவ்வொரு கிரீச்சருக்கும் இரண்டு முறை.

இங்கும் விலைதான் ஓட்டை. 2005இல் வந்த ஷூகோ என்ற மறந்துபோன கருவியை மாட்ட 0 மனா. மாட்டுவதே குறிவைப்பது. ஆகவே இலவசமாக ஒவ்வொரு கிரீச்சரையும் இருமுறை குறிவைத்துக் கார்டுகளை அள்ளலாம். நிலம் விழும்போதெல்லாம் புதுக் கிரீச்சர் பிறக்கும்படி செய்தால் அதையும் இருமுறை குறிவைக்கலாம். அடுத்து என்ன கார்டு வரும் என்பது முன்கூட்டித் தெரியாததால், இதையே நூறு முறை செய்கிறேன் என்று சுருக்கிச் சொல்லவும் முடியாது. ஒருவர் ஒரே சுற்றில் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜூன் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ப்ரோ டூரை டென்மார்க்கின் சைமன் நீல்சன் நாடூவோடு வென்றார். ஆகஸ்ட் 26இல், ஸ்டாண்டர்டைவிடப் பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் மாடர்ன் என்ற போட்டி வகையில் தடை.

அன்றே, அந்தக் கார்டை வடிவமைத்த மைக்கேல் மேஜர்ஸ் நடந்ததை எழுதினார். முந்தைய வடிவத்தில் எதிராளி குறிவைத்தால் மட்டுமே கார்டு கிடைக்கும். ஸ்கல்கிளாம்பின் முதல் வடிவம் போலவே காப்பு. கூடவே இருந்த வேறொரு திறன், கமாண்டர் என்ற பொழுதுபோக்கு வகை ஆட்டத்தைக் கெடுக்கும் என்று கடைசிக் கட்டத்தில் கவலை வந்தது. அந்தத் திறனை எடுத்தார்கள். கார்டு மெலிந்து தெரிந்தது. கமாண்டர்காரர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று இப்போதைய வடிவத்தை எழுதினார்கள். சோதிக்க நேரமில்லை. கடைசியாகப் பார்த்தவர்களுக்கும் 0 மனா ஓட்டை கண்ணில் படவில்லை.

ஃபோர்சைத்தும் மேஜர்ஸும் இப்படிப் பெயர் போட்டு எழுதியது பெரிய விஷயம். ஆனால் இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி வரும். கடைசித் திருத்தத்துக்குப் பின் சோதனையில்லை என்றால் அந்தத் திருத்தத்தைச் சற்று மந்தமாகவே விட்டுவைப்பது என்று ஒரு வழக்கம் ஏன் இருபதாண்டில் உறுதிப்படவில்லை? மந்தமான கார்டால் யாரும் கடையை விட்டுப் போவதில்லை. ஆயிரக்கணக்கான மந்தமான கார்டுகள் பெட்டிகளில் கிடக்கின்றன. ஆனால் அவை பாக்கெட்டை விற்காது.

இன்றைய நிலவரம்: ஸ்கல்கிளாம்ப் மாடர்னிலும் லெகசியிலும் தடையில் இருக்கிறது, கமாண்டரில் தாராளமாக ஆடலாம், நிறுவனமே தன் தயார்நிலை டெக்குகளில் அதைப் போட்டு விற்றிருக்கிறது. நிறத்துக்கு ஒன்றான ஐந்து ஆர்ட்டிஃபாக்ட் நிலங்களும் மாடர்னில் தடை. ராவேஜருக்கு அங்கே தடையில்லை. கமாண்டருக்காகவே திருத்தி எழுதப்பட்ட நாடூவை, 2024 செப்டம்பர் 23 அன்று கமாண்டரும் தடைசெய்தது.